வளைவின் உட்பக்கம்

ஞானாம்பிகையின் வேலை விரிசல் தேடுவது. மலேசியாவில், பத்து காவான் என்ற ஊரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலை. அலுமினியத்தை உருக்கி, எஃகு அச்சுகளில் ஊற்றி, யந்திர உறுப்புகளாக எடுக்கிற இடம். அச்சிலிருந்து வருகிற ஒவ்வொன்றும் கடைசியில் அவள் மேசைக்கு வரும். துடைத்து, சிவப்புச் சாயம் பூசி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிப்பாள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் வெள்ளையின் மேல் சிவப்பு நூலாகக் கசிந்து வரும். நூல் தெரிந்தால் கழிவுத் தொட்டி. தெரியாவிட்டால் ஏழு என்ற எண் செதுக்கிய முத்திரையை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. அந்தத் தொழிற்சாலையில் ஏழு என்றால் ஞானாம்பிகை.

அவளுடைய அப்பா விநாசித்தம்பி துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். பெண்கள் ஆசிரியையாகவோ அலுவலகத்திலோதான் இருக்க வேண்டும் என்று நினைத்தவர். ஞானா பாயான் பாருவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்ததும், பிறகு கடல் பாலத்தைத் தாண்டி வார்ப்புப் பட்டறைக்குப் போனதும் அவருக்குப் பிடிக்கவில்லை. உறவுக்காரர்கள் கேட்டால் "ஆபீஸ்லதான் இருக்கா" என்பார். ஞானா அதைத் திருத்தியதே இல்லை. ஆனால் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே ஒரு பொருள் நன்றாக இருக்கும், அல்லது நன்றாக இருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அந்த வழியைச் சோம்பாமல் செய்தால் போதும் என்று பதினாறு வருடம் நம்பினாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயதானபோது தொழிற்சாலைக்குப் புதிய உலோகம் வந்தது.

படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகளைத் துணித்தொட்டிலில் வைத்துத் தூக்கி, நாற்காலிக்கோ குளியலறைக்கோ கொண்டுபோகிற லிஃப்டர் ஒன்று இருக்கிறது. அதன் மேற்கை இங்கேதான் வார்க்கப்பட்டது. நடுவில் வளைந்து, உள்ளே குழாய்போல் வெறுமையாக இருக்கும் கை. முழங்கை மாதிரி இருப்பதால் பட்டறையில் எல்லாரும் அதை மலாயில் 'சிக்கு' என்றார்கள். ஆறு வருடம் பழைய உலோகத்தில் சிக்கு வார்த்தார்கள். ஒரு தொல்லையும் இல்லை. லிஃப்டரை விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு எடை குறைய வேண்டியிருந்தது. சுவரை மெல்லியதாக்கி, செம்பு கலந்த வலுவான அலுமினியத்தில் வார்க்கச் சொன்னார்கள்.

உறையும்போது எந்த அலுமினியமும் சுருங்கும். பழையதில் சிலிக்கன் அதிகம். பெரும்பகுதி உறைந்த பிறகும் மிச்சத் திரவம் தாராளமாக ஓடி, இழுபடும் இடங்களை நிரப்பிவிடும். புதியது அப்படியில்லை. உறைந்து முடியும் கடைசித் தறுவாயில், கெட்டியான மணிகளுக்கு நடுவே மெல்லிய ஈரம் மட்டும்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் உலோகம் சுருங்கப் பார்க்கிறது. வெறுமையை உண்டாக்க உள்ளே செருகிய எஃகுத் தண்டு, அவர்கள் 'கோர்' என்று சொல்வது, சுருங்க விடாது. எங்கே சூடு கடைசியாகத் தங்குகிறதோ அங்கே கிழியும். சிக்குவில் அது வளைவு.

முதல் நாள் வார்த்த இருபதில் ஒன்பது கிழிந்திருந்தன. வெள்ளைப் பொடியின் மேல் வளைவைச் சுற்றிச் சிவப்புக் கோடு, பேனாவால் போட்டதுபோல.

உலை மேடையில் இருந்தவர் ஹைருல். ஞானாவோடு ஏறக்குறைய ஒன்றாகச் சேர்ந்தவர். மலாய்க்காரர், பட்டறையில் பழகிய தமிழையும் மலாயையும் கலந்து பேசுவார். அவளை 'காக்' என்று, அதாவது அக்கா என்றே கூப்பிடுவார். ஐந்து மாதம் இரண்டு பேரும் அந்தக் கிழிசலோடு மல்லுக்கட்டினார்கள். ஹைருல் அச்சின் சூட்டை ஏற்றிப் பார்த்தார். மணிகள் பொடியாக உறைய டைட்டேனியம் போட்டுப் பார்த்தார். ஊற்றியதிலிருந்து எத்தனையாவது விநாடியில் கோரை வெளியே இழுப்பது என்று ஒவ்வொரு விநாடியாக மாற்றினார். முப்பத்தெட்டுக்கு முன்னால் இழுத்தால் கை தொய்ந்துவிடும். நாற்பத்தாறைத் தாண்டினால் கிழிந்துவிடும். நாற்பத்திரண்டில் நிறுத்தினார். நூற்றுக்கு நாற்பத்தைந்து கிழிந்தது, நூற்றுக்கு இரண்டு என்று இறங்கியது.

வளைவின் உட்பக்கத்து ஆரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அந்த இரண்டும் போய்விடும் என்று ஆலை மேலாளர் சோமசுந்தரம் அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதிக் கேட்டார். வரைபடத்தை மாற்றினால் பரிசோதனையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும், முடியாது என்று மூன்று முறையும் பதில் வந்தது.

ஞானாவுக்கு வேறொரு கவலை இருந்தது. வெளியே தெரிகிற கிழிசலைச் சாயம் காட்டிவிடும். உட்சுவரில், கோரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில், கிழிந்தால்? குழாய்க்குள் சாயம் ஊற்றலாம். ஆனால் வளைவுக்கு அப்பால் கண் போகாது. பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கி, கம்பியில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு தெரிந்தது. வளைந்து உள்ளே போகும் சின்னக் கேமரா வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த வருடத்துப் பட்டியலில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். விதிமுறைப்படி இருபதுக்கு ஒன்று எக்ஸ்ரேவுக்குப் போகும், மற்றதெல்லாம் சாயம்தான்.

2023 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தொன்றாவது தொகுதி வார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஹைருல் அவள் மேசைக்கு வந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"காக், கோர் லேட்டா வருது. நான் நாப்பத்திரண்டுலதான் அமுக்கறேன். சிலிண்டர் இழுக்கறதுக்கு ஏழெட்டு செக்கன் எடுத்துக்குது."

"எப்பருந்து?"

"அதான் தெரியல. நான் இப்பதான் வாச் வெச்சுப் பார்த்தேன். காலையிலருந்தே இருக்கலாம்."

வார்ப்பை நிறுத்தி, எண்ணெய் கசிந்த சிலிண்டரைச் சரிசெய்து, மாலையில் மறுபடி தொடங்கினார்கள். அந்தத் தொகுதியில் மொத்தம் தொண்ணூற்றாறு சிக்கு. எது காலையில் வார்த்தது, எது மாலையில் வார்த்தது என்று பிரிக்க வழியில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சூளையில் பதப்படுத்திய பிறகுதான் எண் அடிப்பார்கள். அது அவர்களுடைய வழக்கம். அதுவரை யாருக்கும் அதில் குறை தெரிந்ததில்லை.

சாயத்தில் நான்கு கிழிந்தவை அகப்பட்டன. அவற்றுக்குப் பதில் நான்கு புதிதாக வார்த்துச் சேர்த்தார்கள். எக்ஸ்ரேவுக்குப் போன ஐந்தும் சுத்தமாக வந்தன. ஞானா சோமசுந்தரத்தின் அறைக்குப் போனாள்.

"எல்லாத்தையும் எக்ஸ்ரே எடுத்துருவோம் சார்."

சோமசுந்தரம் கெட்டவர் இல்லை. செட்டிநாட்டு வழிக் குடும்பத்தில் வியாபாரத்தை விட்டு உலோகம் படிக்கப் போன முதல் ஆள். கத்தித் திட்டியதை யாரும் கேட்டதில்லை.

"மெஷின் நம்மகிட்ட இல்லையேம்மா. பிறை டவுன்ல இருக்கற லேப்புக்குக் குடுத்து வாங்கணும். தொண்ணூத்தாறுன்னா மூணு வாரம் ஆகும். கண்டெய்னர் வெள்ளிக்கிழமை கெளம்புது."

"கோர் லேட்டுனு லிஃப்டர் கம்பெனிகிட்ட சொல்லுங்க சார்."

"சொல்லிட்டேன். காலையில ஒரு மணி நேரம் அதான் பேசினேன். சாம்பிள் பாஸ் ஆயிருக்குல்ல, அனுப்புங்கன்னு சொல்றாங்க. எழுத்துல குடுங்கன்னேன். எழுத்துலயே அனுப்பிட்டாங்க. இதுக்கு மேல நான் என்னா செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

ஞானா மேசைக்குத் திரும்பி வந்தாள். ஒவ்வொரு சிக்குவையும் மறுபடி ஒருமுறை சாயத்தில் போட்டாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கண்ணாடிக் கம்பியை விட்டுப் பார்த்தாள். தெரிந்த மட்டும் நன்றாக இருந்தது. கணினியில் 'ஏற்கலாம்', 'கழிக்க' என்று இரண்டு கட்டங்கள்தான் உண்டு. காகிதப் படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதினாள்: கோர் தாமதம், வளைவின் உட்பக்கம் முழுதும் பார்க்க முடியவில்லை. பிறகு முத்திரையை எடுத்து, தொண்ணூற்றாறு முறை தட்டினாள்.

அன்று சாயங்காலம் கணவர் கபிலனிடம் சொன்னாள். அவர் பாயான் பாருவில் ஸ்டோர் கீப்பர். டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் பதினோராவது மாடியில் அவர்கள் வீடு. மகள் மிதுஷா கோலாலம்பூரில் படிப்பதால் வீட்டில் இரண்டு பேர்தான்.

"நீ பொய் எழுதலையே?" என்றார் கபிலன்.

"எழுதல."

"பிறகு என்னா?"

"பிறகுதான் என்னான்னு தெரியல."

ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தொகுதி நாற்பது, நாற்பத்தைந்து என்று போயிற்று. அக்டோபரில் ஒரு காலை, சோமசுந்தரம் அவளையும் ஹைருலையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு சிக்கு, வளைவில் இரண்டாக உடைந்து கிடந்தது.

"அலோர் ஸ்டார்ல ஒரு முதியோர் இல்லம். தூக்கிட்டு இருக்கறப்பவே ஒடைஞ்சிருக்கு," என்றார்.

ஞானா உடைந்த முகத்தைப் பார்த்தாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புதிதாக உடைந்த பகுதி கல்லுப்பை உடைத்ததுபோல் பளபளத்தது. உட்பக்கத்தில், மூன்றில் ஒரு பங்குக்கு, மங்கிக் கறுத்த ஒரு பிறை வடிவம். அது விழுந்தபோது உண்டானதல்ல. சூடாக இருக்கும்போதே கிழிந்து, அந்தச் சூட்டிலேயே கறுத்துப்போனது. அது அங்கே இருந்துகொண்டேதான் அவள் மேசையைத் தாண்டிப் போயிருக்கிறது. வெளிப்பக்கத்தில், எண்ணுக்குப் பக்கத்தில், ஏழு.

"தொட்டில்ல யாரு இருந்தா?" என்று கேட்டாள்.

"ஹமீதான்னு ஒரு அம்மா. எழுபத்தொரு வயசு. இடுப்பு எலும்பு."

ஹைருல் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் சொன்னேன்," என்றார். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல, காக்?"

"சொன்னீங்க."

அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்தார். அவள் பேனாவால் எழுதிய படிவத்தின் நகல் அவரிடம் இருந்தது. உட்பக்கம் பார்க்க முடியவில்லை என்று எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதற்குப் பிறகும் முத்திரை அடித்தது நீங்கள்தானா என்றார். அதற்கும் ஆமாம் என்றாள். அவர் குறித்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். விதிமுறைப்படிதான் செய்திருக்கிறீர்கள், கவலைப்படாதீர்கள் என்றார்.

அலோர் ஸ்டாருக்குப் போய் அந்த அம்மாவைப் பார்க்கலாமா என்று ஞானா கேட்டாள். கூடாது, போன்கூடச் செய்யக் கூடாது என்றார். வழக்கு வரலாம். ஐந்து வாரம் கழித்து ஹமீதா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டியதாகச் சொன்னார்கள். இடுப்பு உடைந்து படுத்ததால் வந்ததா, வயதுக்கு வந்ததா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஞானா அவருடைய முகத்தைப் பார்த்ததே இல்லை. தேடினால் எங்காவது ஒரு படம் கிடைத்திருக்கும். தேடவில்லை.

இதற்குள் முப்பத்தொன்றாம் தொகுதியைத் திரும்பப் பெற உத்தரவு வந்திருந்தது. அத்தனையும் மலேசியாவுக்கும் தென் தாய்லாந்துக்கும் போனவை. உடைந்தது போக மீதி தொண்ணூற்றைந்து. ஒரு மாதத்தில் எண்பத்து நான்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவற்றில் முப்பத்தொரு கைகளுக்குள் கிழிசல் இருந்தது. கைமாறிப்போன பதினொன்றுக்கு முகவரி கிடைக்கவில்லை. அவற்றைத் தேடும் வேலையை ஞானா கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் போனோடு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிச் சாமான் கடைகள், தர்ம ஸ்தாபனங்கள், பள்ளிவாசல்கள், கோயில்கள், லயன்ஸ் கிளப்புகள்.

அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று கெப்பாலா பத்தாஸில் இருந்தது. ஒரு சங்கம், இறந்துபோன யாரோ ஒருவரின் வீட்டிலிருந்து வாங்கி, வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தது. போனை எடுத்த பெண், "எனக்கு ஒண்ணும் புரியல, நேர்ல வாங்க," என்று வைத்துவிட்டாள். சனிக்கிழமை காலை கபிலன் காரை எடுத்தார்.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்தவள் தேன்மொழி. நாற்பது வயதிருக்கும், இடுப்பில் அகலமான பட்டி. முன்னறையிலேயே கட்டில். அதில் அவளுடைய அப்பா கருப்பையா படுத்திருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது. பேச்சு போய்விட்டது, கண் மட்டும் எல்லாரையும் பின்தொடர்ந்தது. பெரிய உடம்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் லிஃப்டர். அதன் கையில் ஞானா முதலில் பார்த்தது அதில் அடித்திருந்த எண்: தொகுதி முப்பத்தொன்று, நாற்பத்து நான்கு.

"நீங்க கம்பெனி ஆளா அக்கா?"

"நான் அங்க செக்கிங். இதைச் செக் பண்ணதும் நான்தான்."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வழக்கறிஞர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஒரு தாள் கொடுத்திருந்தார். அது கைப்பையிலேயே இருந்தது. தேன்மொழி சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அப்ப இதை எடுத்துட்டுப் போகப் போறீங்க."

"ஆமா. புதுசு குடுப்பாங்க, காசு ஒண்ணும் வேணாம்."

"எப்ப வரும்?"

ஞானாவுக்கு அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "எட்டு வாரம்னு சொல்றாங்க. பழைய மாடல் ஏதாச்சும் கெடைக்குமான்னு ஏஜென்ட்கிட்ட கேட்டேன். எல்லாத்தையும் மத்தவங்களுக்குக் குடுத்து முடிஞ்சிருச்சு."

"எட்டு வாரம்." தேன்மொழி சிரித்தாள். "எட்டு வாரத்துக்கு அப்பாவ நான் எப்படி லா தூக்கறது?"

"ரெண்டு பேரு சேர்ந்தா..."

"யாரு அந்த ரெண்டாவது ஆளு? அண்ணன் சிங்கப்பூர். வீட்டுக்காரரு இல்ல. இது வர்றதுக்கு முன்னாடி நான்தான் தூக்கினேன். ஒரு நாளு பாத்ரூம் வாசல்ல ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். அப்பாவுக்குத் தோள் எலும்பு போச்சு. எனக்கு முதுகு. இந்தா பாருங்க பெல்ட்டு." அவள் நிறுத்தி, லிஃப்டரைப் பார்த்தாள். "இதுக்குள்ள கிழிஞ்சிருக்கா அக்கா?"

"தெரியல."

"பார்க்க முடியாதா?"

கேமரா அப்போது வந்திருந்தது. அதையும் சாயத்தையும் ஞானா கொண்டு வந்திருந்தாள். கருப்பையாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அரை மணி நேரம் முயன்றாள். பொருத்திய பிறகு கைக்குள் மின்கம்பி ஓடுகிறது. வளைவுக்கு முன்னால் ஒரு தாங்கி திருகியிருக்கிறது. கேமரா அதைத் தாண்டவில்லை. வெளிப்பக்கத்தில் சாயம் போட்டாள். பத்து நிமிடம் எல்லாரும் காத்திருந்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"நல்லாதான இருக்கு?" என்றாள் தேன்மொழி.

"வெளியே நல்லாருக்கு. உள்ளே எனக்குத் தெரியாதும்மா."

"வந்ததுல எத்தன கிழிஞ்சிருந்துச்சு?"

"எம்பத்தி நாலுல முப்பத்தொண்ணு."

தேன்மொழி மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்ப அம்பத்தி மூணு நல்லாருந்துச்சு."

"தேன்மொழி, அப்படிப் பார்க்காதீங்க. ஒரு அம்மா செத்தே போயிட்டாங்க."

"நான் தூக்கினா இவரு விழறது நிச்சயம் அக்கா. இதுல தூக்கினா விழலாம், விழாமலும் இருக்கலாம். நீங்களே சொல்லுங்க, நான் எதை எடுத்துக்கட்டும்?"

ஞானா சாயப் புட்டியை மூடிப் பைக்குள் வைத்தாள். அதே கேள்வியை, ஏறக்குறைய அதே சொற்களில், சோமசுந்தரமும் அவளிடம் கேட்டிருந்தார். கட்டிலில் இருந்து கருப்பையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

ஒரு முறையாவது கையால் தூக்குவோம் என்று கபிலன் முன்வந்தார். மூன்று பேரும் சேர்ந்து கருப்பையாவைக் குளியலறை நாற்காலிக்கு மாற்றினார்கள். கபிலனுக்கு மூச்சு வாங்கியது. திரும்பக் கட்டிலில் படுக்கவைத்தபோது, கருப்பையா ஞானாவின் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். நன்றியா, பயமா, விழாமலிருக்கப் பிடித்த பிடியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள்.

லிஃப்டரைத் தேன்மொழி கொடுக்கவில்லை. ஞானாவும் பிடுங்கவில்லை. ஒரு படிவத்தில், ஆபத்தைச் சொன்னார்கள், நானே வைத்துக்கொள்கிறேன் என்று தேன்மொழி கையெழுத்துப் போட்டாள். ஞானா செய்ய முடிந்ததைச் செய்தாள். பட்டர்வொர்த்துக்குப் போய் இரண்டு தடித்த மெத்தைகள் வாங்கிவந்து, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் போட்டாள். கட்டிலுக்கு மேலே நாலு விரலுக்கு மேல் தூக்காதே, தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போகாதே, ஏதாவது கிறீச்சென்று சத்தம் வந்தால் உடனே இறக்கு என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். அது கிறீச்சிடாமலேயே உடையும் என்பது அவளுக்குத் தெரியும். அதை எழுதவில்லை.

காரில் கபிலன், "நீ பிடிவாதமா எடுத்துட்டு வந்திருக்கணும்," என்றார். சற்றுப் பொறுத்து, "எடுத்திருந்தா அதுவும் தப்பாத்தான் இருந்திருக்கும்," என்றார்.

தினமும் மாலை ஆறு மணிக்குத் தேன்மொழி வாட்ஸ்அப்பில் 'ஓகே அக்கா' என்று அனுப்ப வேண்டும் என்பது பேச்சு. அனுப்பினாள். இருபத்தேழாம் நாள் ஆறு மணிக்கு வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. போன் செய்தால் மணியே அடிக்கவில்லை. ஞானா தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, ஜெலுத்தோங்கில் சாலையோரமே நின்று, மறுபடி மறுபடி அழைத்தாள். பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், கடை போடுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு மேசைகளை இறக்கினார்கள். ஒரு அம்மா வந்து, உட்கார்றீங்களா என்று ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். ஏழு பத்துக்குச் செய்தி வந்தது: 'சாரி அக்கா கரண்ட் இல்ல, போன் செத்துப்போச்சு. அப்பா ஓகே.' ஞானா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். கடைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் சோயாபீன் தண்ணீர் ஒரு பாக்கெட் கட்டிக் கொடுத்தார்.

புதிய கை ஒன்பதாவது வாரம் வந்தது. வரைபடம் மாற்றியது, பழைய சிலிக்கன் உலோகத்தில் வார்த்தது. ஒரு ஆள் உயிர் போன பிறகு வரைபடத்தை மாற்ற பதினொரு நாள்தான் ஆயிற்று. ஞானாவே கெப்பாலா பத்தாஸ் போய் மாற்றுவதைப் பார்த்தாள். பழையதைப் போர்வையில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்துக் கொண்டுவந்தாள்.

வியாழக்கிழமை சோமசுந்தரம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். வளைவின் உட்பக்கத்தில் கறுப்புக் கோடு. அலோர் ஸ்டாரில் உடைந்ததைவிடச் சற்று நீளம்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ தூக்கினாங்க?" என்று கேட்டார்.

"நாலு."

"ஒம்பது வாரம்." அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலம்மா. ஒண்ணு ஒடையுது, ஒண்ணு நிக்குது."

தேன்மொழியிடம் சொல்லத்தான் வேண்டும் என்று ஞானா அன்றே போன் செய்து, உள்ளே கிழிசல் இருந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "சரி அக்கா," என்றாள் தேன்மொழி. "அப்பாவுக்கு இப்ப சாப்பாடு குடுக்கணும்."

ஞானா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். தொழிற்சாலை சொந்தமாக எக்ஸ்ரே யந்திரம் வாங்கிவிட்டது. அதில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வார்த்த நாளும் நேரமும் அச்சிலேயே பதிகிற மாதிரி ஏற்பாடு வந்திருக்கிறது. ஹைருல் முதுகுவலி என்று விலகி, குளிம் ஊரில் மச்சானோடு டயர் கடை வைத்திருக்கிறார். ஹமீதாவின் குடும்பத்தோடு ஏதோ ஒப்பந்தம் ஆனதாகக் கேள்வி. என்னவென்று அவளுக்குச் சொல்லவில்லை.

தேடிய பதினொன்றில் எட்டு கிடைத்தது. மூன்று கிடைக்கவில்லை. ஒன்று தாய்லாந்தில் ஹட்ஜாய் பக்கம் போனது வரை தெரியும். ஒன்றைப் பழைய சாமான் வாங்குகிறவர் லாரியில் ஏற்றிப்போனதாக ஒரு கிளினிக் காவலாளி சொன்னார். இன்னொன்றைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மத்தியானம் ஞானா அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்கிறாள். பழைய எண்கள் பாதி இப்போது வேலை செய்வதில்லை. எடுக்கிறவர்கள், போன மாசமே சொன்னோமே, எங்ககிட்ட இல்லைலா என்கிறார்கள். "தெரியும். எதுக்கும் ஒருதரம் கேட்டுப்போம்னுதான்," என்கிறாள்.